மழையில் குளமாகும் பள்ளி மைதானம்: ஊரார் தரும் பணத்தை எங்கே, எப்படிப் போடுவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்றரை ஏக்கர் அளவில் மைதானம். இடவப்பாதி மழையிலும் (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையிலும் தண்ணீர் கட்டி நிற்கிறது. முன்னாள் மாணவர்கள் சேர்ந்தால் 5 லட்சம் ரூபாய் திரட்ட முடியும், வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களும் தரத் தயார். சிந்தெடிக் டிராக் போடலாமா, பணம் யார் பெயரில் இருக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்பவை உங்கள் கேள்விகள். இவற்றுக்கு அடியில் நீங்கள் எழுதாத ஒரு கவலையும் தெரிகிறது: ஊரார் தந்த காசு இரண்டு மழைக்குள் மண்ணோடு போய்விடக் கூடாது, கணக்குப் பேச்சில் ஊர் இரண்டாகவும் கூடாது. அந்தக் கவலை சரியானதுதான். பதிலையும் அதை ஒட்டியே எழுதுகிறேன்.

முதலில் சிந்தெடிக் டிராக்கை ஒதுக்கி வைத்துவிடலாம். 8 பாதை கொண்ட முறையான 400 மீட்டர் ஓடுதளத்துக்கு உள்வளைவின் ஆரம் 36.5 மீட்டர், நேர்ப்பகுதி 84.39 மீட்டர். மொத்தம் ஏறத்தாழ 177 மீட்டர் நீளம், 92.5 மீட்டர் அகலம், அதாவது 4 ஏக்கருக்குச் சற்று மேல். உங்களிடம் அந்த இடமே இல்லை. இடம் இருந்தாலும், தார்த்தளத்தின் மேல் 13 மில்லிமீட்டர் ரப்பர் பரப்பும் அந்த வேலை கோடிக் கணக்கில் போகும். பராமரிப்பும் ஒரு பள்ளியால் தாங்கக்கூடியது அல்ல. உங்கள் இடத்துக்குப் பொருந்துவது 4 பாதை கொண்ட 200 மீட்டர் மண் ஓடுதளம். உள்வளைவின் ஆரம் 18 மீட்டர், நேர்ப்பகுதி 42.82 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பாதைக்கும் 1.22 மீட்டர் விட்டு, மொத்தம் 88.6 மீட்டர் நீளமும் 45.8 மீட்டர் அகலமும் ஆகும். இது கிட்டத்தட்ட சரியாக 1 ஏக்கர். சுற்றிலும் ஒரு மீட்டர் ஓரம் விட வேண்டும். வளைவுக்கு உள்ளே 36 மீட்டர் அகலம் கிடைப்பதால் ஒரு கைப்பந்துத் தளமும் ஒரு கபடித் தளமும் தாராளமாக அமையும். 100 மீட்டர் ஓட்டத்துக்கு மட்டும் தனி யோசனை வேண்டும்: ஓடி முடித்து வேகம் தணியக் குறைந்தது 17 மீட்டர், புறப்படும் இடத்துக்குப் பின்னால் 3 மீட்டர், ஆக 120 மீட்டர் நேர்கோடு. மைதானத்தின் மூலைவிட்டத்தில் அது கிடைக்கிறதா என்று டேப் பிடித்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் 80 மீட்டரோடு பயிற்சி நடக்கட்டும். சுவரில் போய் மோதுகிற 100 மீட்டர் பாதையை மட்டும் போட வேண்டாம்.

பணம் சேர்க்கும் முன் மூன்று தாள்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, நிலம் யாருடையது என்பதற்கான ஆதாரம்: ஏ பதிவேட்டின் (கிராம நில உரிமைப் பதிவேடு) நகலும் புல வரைபடமும். நம் மாவட்டத்தில் பள்ளியை நடத்துவது அரசாக இருந்தும் நிலம் தேவஸ்வத்தின் (கோயில் நிர்வாகம்) பெயரிலோ, பழைய குடும்பத்தின் பெயரிலோ, புறம்போக்கு என்றோ நிற்பது உண்டு. மைதானத்தின் ஒரு மூலை பக்கத்து விளைக்குள் (தோட்டத்துக்குள்) போய்க் கிடப்பதும் உண்டு. இது தெரியாமல் வேலி போட்டால் முதல் வழக்கு உங்கள் பேரில் வரும். இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமும், தலைமையாசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துமூல அனுமதியும். மூன்றாவது, மைதானத்தின் எந்தப் பகுதியில் இனிமேல் கட்டடம் எழும்பாது என்று குறித்த ஒரு வரைபடம். அடுத்த ஆண்டு புது வகுப்பறையோ கழிப்பறையோ ஒப்புதலாகி, ஒப்பந்தக்காரர் நேராக வந்து ஓடுதளத்தின் வளைவில் அஸ்திவாரம் தோண்டுவது பல பள்ளிகளில் நடக்கிறது. தீர்மானத்தோடு அந்த வரைபடத்தையும் இணைத்து விட்டால், அவர்களுக்கும் இடம் எது என்று தெரியும். உங்களுடையது அரசுப் பள்ளி என்பதால் இந்த வழி. திருச்சபையோ அறக்கட்டளையோ நடத்தும் உதவி பெறும் பள்ளியாக இருந்தால் சொத்து நிர்வாகத்துக்குச் சொந்தம். அங்கே ஒப்பந்தம் அவர்களோடு, அரசுத் திட்டங்களும் வேறு.

இனி தண்ணீர். எந்தத் திட்டத்திலும் இதற்கே முதல் ரூபாய் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1 ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 2 லட்சம் லிட்டர். இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டம் நம்முடையது. ஒரு நாளில் 50 மில்லிமீட்டர் இங்கே அபூர்வம் அல்ல. அந்தத் தண்ணீருக்கு வழி காட்டாமல் மேலே சரல் (பொடிக்கல் கலந்த செம்மண்) கொட்டினால், முதல் மழையில் சரலின் நுண்மண் கரைந்து பள்ளத்தில் சேறாகப் படியும், மேட்டில் கூழாங்கல் மட்டும் துருத்தி நிற்கும். பிறகு விழுந்த பிள்ளைகளின் முழங்கால் கிழியும்.

அதனால் மட்டம் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். 10 மீட்டருக்கு ஒரு முளை அடித்து, சர்வேயரை வைத்து ஒரே நாளில் எல்லா முளைக்கும் மட்டம் எடுத்துவிடலாம். அவர் கிடைக்காவிட்டால் கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் மட்டம் போதும். கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். மைதானம் முழுவதும் அகலவாக்கில் 100-க்கு 1 சரிவு. 46 மீட்டர் அகலத்தில் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 46 சென்டிமீட்டர் வித்தியாசம். பள்ளிக்கு ஒரே பக்கச் சரிவுதான் எளிது: மேட்டில் வெட்டும் மண் பள்ளத்தை நிரப்பும், வெளியிலிருந்து வாங்கும் மண் குறையும். போட்டி விதிப்படி ஓடும் திசையில் 1000-க்கு 1-க்கு மேல் சரிவு கூடாது. ஒரே பக்கச் சரிவில் வளைவுகளில் அது மீறும். ஆகையால் இந்த ஓடுதளத்தில் சாதனை நேரம் பதிவு செய்ய முடியாது. பயிற்சிக்கும் பள்ளி விளையாட்டு விழாவுக்கும் எந்தக் குறையும் இல்லை.

தாழ்ந்த ஓரத்தில் வாய்க்கால் வேண்டும். ஆழமான திறந்த ஓடை வெட்டாதீர்கள். பந்தை விரட்டி ஓடும் பிள்ளை அதில்தான் காலை விடும். அகலமாக, ஆழம் குறைவாக, தட்டுப் போல வளைந்த சிமென்ட் வாய்க்கால் நல்லது. ஆட்டப் பரப்பிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி இருக்கட்டும். அதைவிட முக்கியம், அந்த வாய்க்கால் போய்ச் சேரும் இடம். பொது ஓடையிலோ சாலையோர வடிகாலிலோ முடிய வேண்டும். அடுத்தவர் விளைக்குள் திறந்துவிட்டால் அவர் ஒரே மண்வெட்டியில் அடைத்துவிடுவார், மைதானம் மறுபடியும் குளம். ஊராட்சியிடம் இதற்கு முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. 30 சென்டிமீட்டர் நீள அகல ஆழத்தில் நான்கைந்து இடத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். சில மணி நேரத்தில் வற்றினால் அடியில் சரல் அல்லது வெட்டுக்கல் இருக்கிறது என்று பொருள். மேல் சரிவே போதும். மறுநாளும் நின்றால் அடியில் களிமண், அல்லது பழைய வயலை மேடாக்கிய இடம். அப்படியானால் நான் மேலே எழுதிய கணக்கு போதாது. நிலத்தடியில் கல் நிரப்பிய வடிகால் வரிசைகள் தேவைப்படலாம். அதை நேரில் பார்க்காமல் யாரும் அளந்து சொல்ல முடியாது. ஒரு சிவில் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

மண்ணின் அளவுகளைத் தருகிறேன். விலை குவாரி தூரத்தைப் பொறுத்து மாறும், அளவு மாறாது. 4 பாதையின் பரப்பு ஏறத்தாழ 1,045 சதுர மீட்டர். இறுகிய பின் 15 சென்டிமீட்டர் கனம் நிற்க வேண்டுமானால் 157 கன மீட்டர். லாரியில் வருவது தளர்ந்த மண் என்பதால் நாலில் ஒரு பங்கு கூடுதலாக, 195 கன மீட்டர். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக 69 யூனிட் சரல். கைப்பந்துத் தளம் 18-க்கு 9 மீட்டர்; சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24-க்கு 15. அதற்கு அதே கனத்தில் 24 யூனிட். லோடுக் கணக்கில் ஒருபோதும் வாங்காதீர்கள். ஒரு டிப்பர் போல இன்னொரு டிப்பர் இருப்பதில்லை. வண்டி வாசலில் நிற்கும்போதே தொட்டியின் நீள, அகல, மண் நிற்கும் உயரத்தை அளந்து, நோட்டில் எழுதி, ஓட்டுநரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கனிமவளத் துறையின் நடைச்சீட்டு இல்லாத வண்டியை வளாகத்துக்குள் விடக் கூடாது. வண்டி பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். குளத்தில் தூர் வாரும் வண்டல் சும்மா கிடைக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது வாழைக்கு நல்லது. மைதானத்தில் வெயிலுக்கு வெடிக்கும், மழைக்கு வழுக்கும்.

ஊரில் யாராவது ஜே.சி.பி.யை இலவசமாகத் தருவார். நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஜே.சி.பி. மண்ணைத் தள்ளும், இறுக்காது. ஓட்டுநரின் கண்மட்டத்தில் நிரவிவிட்டு, ரோலரை மறந்துவிடுவதுதான் இந்த வேலைகள் கெடுவதற்கு முதல் காரணம். சரலை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு அடுக்காகப் போட வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து, 8 முதல் 10 டன் ரோலரை, அதன் தடம் இனி விழவில்லை என்ற நிலை வரும் வரை ஓட்ட வேண்டும். ஈரப்பதம் சரியா என்பதற்குக் கைச்சோதனை உண்டு: ஒரு பிடி மண்ணை அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்றாக உடைய வேண்டும். தூளாகச் சிதறினால் தண்ணீர் போதாது. சப்பையாக ஒட்டிக்கொண்டால் தண்ணீர் அதிகம், ஒரு நாள் காய விடுங்கள். கைப்பந்துக்கும் கபடிக்கும் சிமென்ட் தளம் போடலாம் என்று ஒரு யோசனை வரும்; தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். துள்ளி விழும் ஆட்டங்களுக்குச் சிமென்ட் முழங்காலைத் தின்றுவிடும்.

ஓடுதளத்தைக் கோடு போடும்போது 42.82 மீட்டர் இடைவெளியில் இரண்டு மைய முளைகளைக் கான்கிரீட்டில் பதித்துவிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் தேட வேண்டியதில்லை. ஆரம் வரைய நைலான் கயிறு ஆகாது, இழுத்தால் நீளும். 10 சென்டிமீட்டர் நீண்டால் ஒரு சுற்றில் 63 சென்டிமீட்டர் பிசகும். இரும்பு டேப் அல்லது கம்பி பிடியுங்கள். உள்கோட்டுக்கு 20 சென்டிமீட்டர் வெளியே அளந்தால் ஒரு வளைவு 57.18 மீட்டர் வர வேண்டும். வந்தால் கணக்குச் சரி. கோட்டுக்குச் சுண்ணாம்பு பயன்படுத்துவது பழக்கமாக இருக்கிறது. அது கண்ணில் பட்டால் புண்ணாகும். சாக் தூளோ டோலமைட் தூளோ வாங்குங்கள்.

நீளம் தாண்டும் குழியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோர மாவட்டத்தில் இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. குழி 8 மீட்டர் நீளம், 2.75 மீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் மணல் என்றால் ஏறத்தாழ 9 கன மீட்டர், 3 யூனிட் சொச்சம். மிதிபலகை குழியின் விளிம்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள், பலகைக்கும் குழியின் கடைசி முனைக்கும் குறைந்தது 10 மீட்டர், ஓடி வரும் பாதை 40 மீட்டர். மணலுக்குக் கடற்கரைக்கு வண்டி விட வேண்டாம். அங்கே மணல் அள்ளுவது சட்டப்படி குற்றம். உப்பு மணல் காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகிப் பாறையாகும். அதோடு, மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் அருமணல் ஆலை இருப்பதற்குக் காரணமே நம் கடற்கரை மணலில் மோனசைட் கலந்திருப்பதுதான்; அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. பிள்ளைகள் நாள்தோறும் விழுந்து புரளும் குழியில் அதைப் போட யாருக்கும் மனம் வராது. எம்.சாண்ட் கான்கிரீட்டுக்குச் சரி, குழிக்கு ஆகாது. உடைத்த கல்லின் கூர்முனை தோலைக் கிழிக்கும், அதுவும் இறுகும். கழுவிய ஆற்று மணல்தான் வேண்டும், பில்லோடு. 3 யூனிட் என்பதால் விலை கூடினாலும் தாங்கலாம். குழியின் அடியில் 15 சென்டிமீட்டர் ஜல்லி போட்டு, அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போக ஒரு குழாய் விடுங்கள். ஓரத்துக்குக் கூரான சிமென்ட் விளிம்பு வேண்டாம். மரச்சட்டமோ ரப்பரோ, மணல் மட்டத்துக்குச் சமமாக.

இரும்புச் சாமான்கள் பற்றி இரண்டு சொல். உப்புக்காற்றில் சாதாரண இரும்புக் குழாய் எத்தனை பெயின்ட் அடித்தாலும் அடியிலிருந்து துருப்பிடிக்கும், அதனால் வலைக் கம்பம், வேலி எல்லாம் துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாயாக இருக்கட்டும். கால்பந்து கோல்கம்பத்தைத் தூக்கி நகர்த்தும்படி செய்தால் அதில் தொங்கும் பிள்ளையின் மேல் அது கவிழும். தரையில் கான்கிரீட்டுக்குள் உறை பதித்து அதில் பொருத்துங்கள். பந்து, வலை, ஸ்டம்பு போன்றவற்றுக்கு ஊரார் பணத்தைத் தொட வேண்டாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் உயர்நிலைப் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை விளையாட்டுப் பொருள்களுக்கு ஒதுக்க விதி உண்டு. கிராம ஊராட்சிகளுக்கு 2024-இல் தொடங்கிக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பும் வழங்கப்பட்டது. இவை எங்கே இருக்கின்றன என்று கேட்டாலே பாதிச் செலவு குறையும்.

இப்போது பணம். தனி ஒருவரின் வங்கிக் கணக்கோ கைபேசி எண்ணோ இதில் வரவே கூடாது, அவர் எத்தனை நல்லவராக இருந்தாலும். எளிய வழி, தலைமையாசிரியரும் பெற்றோரான தலைவரும் சேர்ந்து கையெழுத்திடும் பள்ளி மேலாண்மைக் குழுக் கணக்கு. 2024-இல் குழுக்கள் மாற்றி அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. உங்களில் ஒருவர் அதில் இருப்பது நல்லது. இரண்டாவது வழி, 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம். எந்தப் பள்ளிக்கு, எந்தத் தேவைக்கு என்று குறிப்பிட்டே அதில் கொடுக்கலாம். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கப் போகும்போது இந்த வழியைத்தான் அவர்கள் விரும்புவார்கள். மூன்றாவது, ‘நமக்கு நாமே’ திட்டம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தருகிறது. உங்கள் 5 லட்சம் அங்கே 15 லட்சம் வேலையாகலாம். கணக்கு ஆசை காட்டும்தான். ஆனால் மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல், அந்த நிதியாண்டின் ஒதுக்கீடு, ஒப்பந்தப்புள்ளி என்று வேலை நம் கையை விட்டுப் போகும், எந்த மாதத்தில் முடியும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. என் யோசனை: வாய்க்கால், சுற்றுச்சுவர் போல எவர் செய்தாலும் ஒரே மாதிரி வரும் கட்டுமானத்தை அந்தத் திட்டத்துக்கோ சட்டமன்ற உறுப்பினர் நிதிக்கோ எழுதுங்கள். சரிவும் ரோலரும் போல, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய வேலையை உங்கள் பணத்தில் வையுங்கள். மழை காத்திருக்காது என்பதால், அரசு வாய்க்கால் தாமதமானால் அதையும் நீங்களே முதலில் வெட்டிவிடுங்கள்.

வளைகுடாப் பணம் பற்றிப் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எந்த நாட்டில் வேலை பார்த்தாலும், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் அதைத் தடுக்கவில்லை. வளைகுடாவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த வகையே. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போய்க் குடியுரிமை மாறியவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். அவர் பணத்தை ஆடிட்டரிடம் கேட்காமல் பள்ளிக் கணக்கில் வாங்காதீர்கள். எனவே ரசீதில் குடியுரிமையை எழுத ஓர் இடம் விடுங்கள். இன்னொன்று: ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட வளைகுடா நாடுகளில் அனுமதியில்லாமல் நன்கொடை வசூலிப்பது குற்றம். அறையில் கூட இருப்பவர்களிடம் வசூல் செய்து மொத்தமாக அனுப்பு என்று எந்தத் தம்பியிடமும் சொல்லிவிடாதீர்கள். அவரவர் நேராகக் கணக்குக்கு அனுப்பட்டும்.

வரிவிலக்கு தருவோம் என்று அவசரப்பட்டு அச்சடிக்க வேண்டாம். 80ஜி என்று நாம் சொல்லும் விலக்கு, அதற்குப் பதிவு பெற்ற அமைப்புக்குத் தந்தால்தான் உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும் கிடையாது, புதிய வரிமுறையைத் தேர்ந்தவருக்கும் கிடையாது. பரிசுக் கூப்பன் அடித்து விற்றுக் குலுக்கல் நடத்தலாம் என்ற யோசனையும் எப்படியும் வரும். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் லாட்டரி கடை இருக்கலாம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரிக்குத் தடை. பள்ளியின் பேரில் அதைச் செய்ய வேண்டாம். அதற்குப் பதில், கிறிஸ்தவ சபைகளின் அறுப்பின் பண்டிகையில் காய்கறியையும் வாழைக்குலையையும் ஏலம் விடுகிற பழக்கம் இங்கே எல்லோருக்கும் தெரியும். பள்ளி ஆண்டு விழாவில் அப்படி ஒரு ஏலம் வைத்தால், ஒரு செவ்வாழைக் குலை அதன் விலையைப் போலப் பல மடங்குக்குப் போகும், கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் சந்தோஷம். அதைக் கோயில் வளாகத்திலோ சபை வளாகத்திலோ வைக்காமல் பள்ளியிலேயே வையுங்கள். ஒரு சமுதாயத்தின் வசூலாக அது தெரிந்துவிட்டால் மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள், மைதானம் யாருடையது என்ற பேச்சும் தொடங்கிவிடும்.

கேட்கும் முறைக்கு வருகிறேன். ‘மைதான மேம்பாட்டு நிதி’ என்று கேட்டால் கை நீளாது. ஒரு யூனிட் சரலின் விலை, அதை இறக்கி இறுக்கும் கூலியோடு சேர்த்து, ஒரு பங்கு என்று வையுங்கள்: ஓடுதளத்துக்கு 69 பங்கு, கைப்பந்துத் தளத்துக்கு 24 பங்கு. பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டு வாரியாக ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு பொறுப்பாளர் இருந்து, அந்த செட் எத்தனை பங்கு என்று எடுக்கட்டும். சொன்ன தொகையும் வந்த தொகையும் ஒன்றாக இருக்காது. சொன்னதில் பாதிதான் வரும் என்று வைத்துத் திட்டம் போடுங்கள். முதல் கட்டத்துக்கான முழுப் பணமும் கணக்கில் ஏறாமல் ஜே.சி.பி.யை உள்ளே விடாதீர்கள். பாதியில் நின்ற மைதானம் பழைய மைதானத்தைவிட மோசம், கிளறிய மண் முழுவதும் சேறாகும். ரசீதுப் புத்தகங்களுக்கு வரிசை எண் போட்டு, யாரிடம் எது போனது என்று பதிவு செய்து, எழுதாத புத்தகத்தையும் திரும்ப வாங்குங்கள். வாரம் ஒரு முறை வரவு செலவைப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள். ஜே.சி.பி., லாரி, சாப்பாடு என்று பொருளாகத் தந்தவர்களுக்கும் சந்தை விலை போட்டு ரசீது கொடுங்கள். அவை பணமாக வரவில்லை என்பதற்காகக் கணக்கில் விடுபட்டால் மனத்தாங்கல் அங்கிருந்துதான் கிளம்பும். பெயர்ப்பலகை ஒன்றே ஒன்று, எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில்.

காலமும் முக்கியம். வளைகுடாவிலிருந்து குடும்பத்தோடு வருபவர்கள் ஜூலை, ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸை ஒட்டியும் வருவார்கள். மேற்குக் கடலோர ஊர்களில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம்; அந்த மாதங்களில் அங்கே போய்க் கேட்பது நியாயமில்லை. ரப்பர் வெட்டுபவர்களுக்கும் பெருமழையில் வேலை இருக்காது. எனவே ஆகஸ்டில் தொடங்கி டிசம்பரில் வசூலை முடித்து, பொங்கல் கழிந்ததும் மண்வேலையைத் தொடங்குங்கள். ஜனவரி, பிப்ரவரிதான் நமக்கு மழை குறைந்த மாதங்கள். மார்ச்சில் பொதுத் தேர்வு வந்துவிடும், ரோலர் சத்தம் கூடாது. மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கி, ஒப்பந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஜூன், ஜூலை மழை கழிந்து மைதானத்தைப் பார்த்த பிறகுதான் தருவோம் என்று எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத ஒப்பந்தக்காரரை விட்டுவிடலாம்.

சேரும் பணத்தில் ஆறில் ஒரு பங்கையாவது வங்கியில் வைப்புநிதியாகப் பூட்டி வையுங்கள். கோடை விடுமுறையில் கார் ஓட்டிப் பழகுபவர்கள் வளைவை உழுதுவிடுவார்கள், திருவிழாவுக்கு வண்டி நிறுத்துவார்கள், பந்தல் காலுக்குக் குழி தோண்டுவார்கள், மழை விடுமுறை முடிவதற்குள் தொட்டாற்சிணுங்கி படர்ந்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறை பத்துப் பதினைந்து யூனிட் சரல், ஒரு நாள் ரோலர், குழிக்கு மணல் சல்லடை, வாய்க்கால் தூர் என்று செலவு நிச்சயம் இருக்கிறது. மாலையில் ஆடும் ஊர் மன்றத்தாரோடு எழுத்தில் ஓர் உடன்பாடு செய்யலாம்: அவர்கள் பள்ளி நேரத்துக்குப் பிறகு ஆடலாம், பதிலாக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை களை எடுப்பதும் வாய்க்கால் பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. பூட்டு மட்டும் பள்ளியிடம் இருக்கட்டும். பெண் பிள்ளைகள் பயிற்சிக்கு நிற்க வேண்டுமானால் உடை மாற்ற ஓர் அறையும், மைதானத்துப் பக்கமே தண்ணீர் வரும் கழிப்பறையும் வேண்டும். அது திட்டத்தின் கடைசி வரியாகி விடாமல் இரண்டாம் கட்டத்திலேயே எழுதுங்கள்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். அடுத்த பெருமழை நின்ற ஒரு மணி நேரத்துக்குள் யாராவது மைதானத்துக்குப் போய், தண்ணீர் நிற்கும் விளிம்பு நெடுக முளை அடித்து, எந்த மூலையில் எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். மறுநாள் காலையிலும் அதே இடங்களில் இன்னொரு முறை. அந்த இரண்டு அளவையும் புல வரைபடத்தில் குறித்து இங்கே போட்டால், வாய்க்காலை எந்தப் பக்கம் எடுப்பது, எவ்வளவு மண் வெட்ட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியும்.